நல்லூர் முடிய கதிர்காமம், கதிர்காமம் முடிய கோல்ஃப் ரிசோர்ட்: ஒன்பது பேராகப் போய் வந்த கதை

கொக்குவிலான் (இழையைத் தொடங்கியவர்)

போன வருடம் இதே பகுதியில் ஒரு கேள்வி போட்டிருந்தேன். கனடாவில் இருந்து அண்ணை குடும்பத்தோடு வருகிறார், அவருக்குக் கோல்ஃப் விளையாட இடம் வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல நீச்சல் தடாகம் வேண்டும், அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, எங்கே போகலாம் என்று. நிறையப் பேர் பதில் எழுதினீர்கள். போய் வந்தாயிற்று, அந்தக் கடனைத் தீர்க்க எழுதுகிறேன். ஹோட்டலின் பெயரைப் போட மாட்டேன். தெற்குக் கரை, கதிர்காமத்துக்குப் போகிற பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரமும் இல்லை, வசையும் இல்லை.

நாங்கள் ஒன்பது பேர். நான், மனைவி, எங்கள் இரண்டு பிள்ளைகள் (12, 7), அம்மா, அண்ணை, அண்ணி, அவர்களுடைய மகன் (16), மகள் (14). ஒரு கேடிஎச் வான், ஒரு டிரைவர் தம்பி.

முதலில் ஏன் இவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கதிர்காமத்தில் ஒரு நேர்த்தி இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வைத்தது, பத்து வருடமாகத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. செல்வச்சந்நிதியில் இருந்து நடந்தே போகிற அடியார்களைப் பார்க்கும்போதெல்லாம் "நான் வானிலயும் போகேல்லை" என்று ஒரு பெருமூச்சு விடுவார். அண்ணைக்கோ ரொறன்ரோவில் பனி உருகினால் கோல்ஃப், பனி விழுந்தால் கோல்ஃப் பற்றிய வீடியோ. பிள்ளைகள் நால்வருக்கும் தடாகம் ஒன்றுதான் கண். ஆகவே தெற்கு.

நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்து மூன்றாம் நாள் வெள்ளன நாலு மணிக்குப் புறப்பட்டோம். ஏ9 இல் வவுனியா, பிறகு தம்புள்ளை, மாத்தளை, கண்டி. அன்றிரவு பண்டாரவளையில். மறுநாள் எல்ல, வெல்லவாய, தணமல்வில வழியாகத் திஸ்ஸமகாராம. கொழும்புக்குப் போய் அதிவேகப் பாதையைப் பிடித்தும் போகலாம். 2020 இல் அந்தப் பாதையை அம்பாந்தோட்டை வரை நீட்டிவிட்டார்கள், டிரைவருக்கு அது சுகம். ஆனால் எல்ல மலையில் இருந்து இறங்கும் வழியில் இராவணன் நீர்வீழ்ச்சியைப் பார்த்த என் சின்னவன் "இது யாருடைய குழாய்?" என்று கேட்டான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வேறு என்ன கேட்பான். அதற்காகவே மலைப்பாதை நல்லது.

இனி இந்தப் பதிவிலேயே முக்கியமான புத்திமதி. கோவிலை முதலில் முடியுங்கள், ரிசோர்ட்டைப் பிறகு வையுங்கள். நான் முதலில் மாறித்தான் திட்டம் போட்டிருந்தேன். அம்மா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். நேர்த்தி முடியும்வரை சைவம், அவருக்காக எல்லோருக்கும் சைவம். அந்த ரிசோர்ட்டின் பஃபேயில் நண்டும் இறாலும் மலைபோலக் குவிந்து கிடந்ததைப் பார்த்தபோதுதான் அம்மாவின் மதி புரிந்தது. விரதத்தோடு அந்த மேசையைச் சுற்றி வந்திருந்தால் அண்ணை நேர்த்தியை முறித்திருப்பார்.

மாணிக்க கங்கையில் குளித்து, பழத்தட்டு வாங்கி, திரைக்கு முன்னால் நின்று கும்பிட்டோம். அங்கே திரைதான், உள்ளே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. வாயைத் துணியால் கட்டிய கப்புறாளை (அங்குள்ள பூசாரி) தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அண்ணையின் மகள் "பார்க்க முடியாத கடவுளுக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

பிறகு ரிசோர்ட். அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன், சின்னவன் போனைக் கேட்டு அழுகிறான்.

---

நெடுந்தீவுக் குதிரை

அருமை அண்ணை. விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? உங்களுக்கு உள்ளூர் விலை கிடைத்ததா? வெளிநாட்டுப் பாஸ்போர்ட் காரர் கூட இருந்தால் எப்படி?

---

கொக்குவிலான்

தொடர்கிறேன். குதிரைக்குப் பதிலும் இதற்குள் இருக்கிறது.

வரவேற்பிடத்தில் இருந்து எங்கள் அறைக்குப் போக பக்கி வண்டி வந்தது. நடந்தால் ஏழெட்டு நிமிடம். இடம் அவ்வளவு பெரிசு. அம்மா வண்டியில் முன்னால் இருந்துகொண்டு, "இது எத்தனை பரப்பு வரும்?" என்றார். ஓட்டிய பெடியனுக்குப் பரப்பு தெரியாது. நான் இரவு கணக்குப் போட்டேன். 18 குழிகள் கொண்ட திடலுக்குப் பொதுவாக 120 ஏக்கருக்குக் குறையாமல் வேண்டும் என்று அண்ணை சொன்னார். ஏக்கருக்கு 16 பரப்பு. கிட்டத்தட்ட 2,000 பரப்பு. கொக்குவிலில் இரண்டு பரப்புக் காணிக்கு வேலிச் சண்டை பிடித்துக் கோட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

விலை. அண்ணையின் அறைகளுக்கு டொலர், எங்களுக்கு அடையாள அட்டையைக் காட்டினால் ரூபாய். ஆனால் நாங்கள் ஒரு முகவர் மூலம் பதிவு செய்தோம் (யாழ்ப்பாணத்து முகவர், பெயர் வேண்டாம்). அந்த ஆள் எல்லாவற்றையும் ஒரே வெளிநாட்டுப் பதிவாகப் போட்டுவிட்டு, வித்தியாசத்தைத் தன் பையில் போடப் பார்த்தார். ஹோட்டலில் ரசீதைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. ஊருக்கு வந்து இரண்டு கிழமை அலைந்துதான் பாதிக் காசை வாங்கினேன். உங்களுக்குச் சொல்வது: ஹோட்டலுக்கே நேரே எடுத்துக் கதையுங்கள். சொல்லும் விலை வரிகள் சேர்ந்ததா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். சேவைக் கட்டணம் 10 வீதம், 2024 தையில் இருந்து வற் வரி 18 வீதம். இரண்டும் ஏறினால் சொன்ன விலையில் கால்பங்குக்கு மேல் கூடிவிடும். ஒன்பது பேரின் சாப்பாட்டு ரசீதில் அந்தக் கால்பங்கு ஒரு ஆட்டுக்குட்டியின் விலை.

தடாகம். சும்மா சொல்லக்கூடாது, வடிவான தடாகம். பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்குச் சறுக்குமரத்தோடு இன்னொன்று. கடல் பக்கத்திலேயே இருந்தாலும் இறங்க முடியாது, அலை ஆளைச் சுருட்டிக்கொண்டு போகும், சிவப்புக் கொடி எந்நேரமும் பறக்கும். ஆகவே எல்லோருக்கும் தடாகம்தான். முதல் நாளே எங்களுக்கு வெட்கக்கேடு. என் பெடியள் இருவரும் பருத்தி ரீ-சேட்டும் காற்சட்டையுமாகக் குதித்துவிட்டார்கள். காவலர் விசிலை ஊதி மரியாதையாகத்தான் சொன்னார், நீச்சல் உடுப்பு இல்லாமல் இறங்கக்கூடாது என்று. பருத்தி நூல் வடிகட்டியில் சிக்கும், நனைந்தால் பாரமாகிப் பிள்ளையைக் கீழே இழுக்கும். சரிதான். ஆனால் அங்குள்ள கடையில் ஒரு காற்சட்டை வாங்கிய காசுக்கு யாழ்ப்பாணப் பஜாரில் நான்கு வாங்கலாம். போகும்போதே லைக்ரா உடுப்பு கொண்டு போங்கள்.

அம்மா தடாகத்தில் இறங்கவில்லை. எவ்வளவு கெஞ்சியும் "சனம் குளிச்ச தண்ணி" என்று ஒரே பிடி. இரண்டாம் நாள் விடிய ஆறு மணிக்கு நான் எழும்பி வெளியே வந்தேன். ஆள் நடமாட்டம் இல்லை. அம்மா தடாகத்து விளிம்பில் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டு ஆட்டிக்கொண்டு இருந்தார், சின்னப் பிள்ளை வாய்க்காலில் இருக்கிற மாதிரி. என்னைக் கண்டதும் சேலையை இறக்கிவிட்டார். நான் காணாததுபோல் திரும்பிப் போய்விட்டேன்.

கோல்ஃப் பற்றி அண்ணைதான் எழுத வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரு சம்பவம். திடலின் ஓரப் பாதையால் பிள்ளைகளோடு நடக்கிறேன். தூரத்தில் இருந்து யாரோ பலமாக "ஃபோர்!" என்று கத்தினார்கள். என் மூத்தவன் கிரிக்கெட் பைத்தியம், கையைத் தட்டி "நாலு! நாலு!" என்று துள்ளினான். அண்ணையின் மகன் அவனைப் பிடித்துக் குனிய வைத்தான். பந்து ஒன்று எங்களுக்குப் பத்தடி தள்ளிப் புல்லில் விழுந்து உருண்டது. பந்து உங்கள் பக்கம் வருகிறது, தலையைக் காத்துக்கொள் என்பதுதான் அந்தச் சத்தத்தின் அர்த்தமாம். கிரிக்கெட் நாட்டில் வேறு சொல் வைத்திருக்கலாம்.

---

கேணியடி

எல்லாம் வாசித்தேன். ஒரு கேள்வி. கீரிமலைக் கேணியில் என்ன குறை? கடலுக்குப் பக்கத்தில் நன்னீர் ஊற்று, ஆண்களுக்கு ஒன்று பெண்களுக்கு ஒன்று, பக்கத்திலேயே நகுலேஸ்வரம். லைக்ரா கேட்கிற காவலர் இல்லை, துவாய்க்குக் காசு இல்லை, வற் வரி இல்லை. குதிரை முகத்தோடு வந்த மாருதப்புரவல்லிக்கே முகம் மாறிய தண்ணீர். 500 கிலோமீற்றருக்கு மேல் போய்க் குளோரின் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து பெருமை வேறு.

---

கொக்குவிலான்

கேணியடி அண்ணை, கீரிமலையில் கோல்ஃப் இல்லை. :)

அத்தோடு அம்மா "சனம் குளிச்ச தண்ணி" என்று கீரிமலையையும் சொல்வார்.

---

துலாக்கொடி

நான் நீர்ப்பாசனத்தோடு தொடர்புள்ள வேலை செய்கிறவன். கேணியடி பகிடியாகச் சொன்னாலும் தண்ணீர் விசயம் பகிடி இல்லை. கொக்குவிலான், அந்தப் புல்லுக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று கேட்டீர்களா?

---

கொக்குவிலான்

நான் கேட்கவில்லை, அம்மா கேட்டார். இரவு பதினொரு மணி இருக்கும். பல்கனியில் இருந்தோம். திடீரென்று இருட்டுக்குள் சீக் சீக் சீக் என்று சத்தம். திடல் முழுக்கத் தண்ணீர் பீச்சும் குழாய்கள் தரையில் இருந்து எழும்பிச் சுழன்றன, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்வளவு தண்ணியும் புல்லுக்கோ?" என்றார். "ஓமம்மா." "மாடு ஏதும் விடுவினமோ?" "இல்லையம்மா." அதற்குப் பிறகு அவர் கதைக்கவில்லை. எழும்பிப் போய்க் குளியலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கிப் பூட்டிவிட்டுப் படுத்தார்.

மறுநாள் பக்கி ஓட்டும் பெடியனிடம் விசாரித்தேன். ஹோட்டலின் கழிவுநீரைச் சுத்திகரித்து விடுகிறார்களாம், குளங்களில் மழைநீரும் சேர்க்கிறார்களாம். எவ்வளவு பங்கு எது என்று அவனுக்குத் தெரியாது.

---

துலாக்கொடி

அது நல்ல வழிதான், பெரிய ரிசோர்ட்டுகள் பல இப்போது அப்படித்தான் செய்கின்றன. கரையோரத் திடல்களில் பாஸ்பாலம் என்று ஒரு புல் வைக்கிறார்கள், அது உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும்.

ஆனாலும் கணக்கைப் பாருங்கள். ஒரு ஹெக்டேயரில் 1 மில்லிமீற்றர் தண்ணீர் என்பது 10,000 லீற்றர். வெய்யில் காலத்தில் புல்லுக்கு நாளுக்கு 4 மில்லிமீற்றராவது வேண்டும். திடலில் 30 ஹெக்டேயருக்குப் பாய்ச்சினால் 12 லட்சம் லீற்றர், ஒரு நாளுக்கு. தாளையடியில் 2024 இல் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறதல்லவா, அதன் கொள்ளளவு நாளுக்கு 24,000 கனமீற்றர். அதில் இருபதில் ஒரு பங்கை ஒரு கோல்ஃப் திடல் குடித்துவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், யாழ்ப்பாணத்திலும் ஒரு கோல்ஃப் ரிசோர்ட் போட்டால் என்ன என்று இடைக்கிடை யாராவது ஆசையாகக் கதைப்பார்கள். நமக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, வழுக்கையாறும் மாரியில்தான் ஓடும். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதற்குள் கடல்நீருக்கு மேலே மிதக்கும் நன்னீர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால் கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால் கீழே உப்பு 40 அடி ஏறிவரப் பார்க்கும். நிலாவரைக் கிணறு மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. அடி இல்லாத கிணறு என்று சுற்றுலாக் காரருக்குக் கதை சொல்லாமல் இதைச் சொல்லலாம்.

உங்கள் அம்மா குழாயைப் பூட்டியது எனக்கு விளங்குகிறது.

---

மலைநாட்டு மருமகன்

தண்ணீர் பிரச்சினை வேண்டாம் என்றால் மழை பெய்கிற இடத்துக்குப் போங்கள். நுவரெலியாக் கோல்ஃப் கழகம் 1889 இல் தொடங்கியது, நகரத்தின் நடுவிலேயே திடல். பெண்டுகளும் பிள்ளைகளும் விக்டோரியாப் பூங்காவுக்கோ சந்தைக்கோ நடந்து போகலாம், நீங்கள் விளையாடலாம். நீச்சல் தடாகம் மட்டும் மறந்துவிடுங்கள், அந்தக் குளிரில் யார் இறங்குவது.

அதைவிட யாழ்ப்பாணத்தவருக்கு வசதி திகன. ஏ9 தொடங்குகிற கண்டியில் இருந்து கொஞ்சத் தூரம்தான், வானைத் திருப்பவே தேவையில்லை. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் திடல் இருக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீரும் மலையும், பந்து அடிக்காதவனும் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்தத் தண்ணீருக்குக் கீழே பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது, 1980களில் அணை கட்டியபோது மூழ்கியது. நீர் வற்றும் காலத்தில் பழைய கட்டடங்கள் வெளியே தெரியும். என் மாமனார் அந்த ஊரில் படித்தவர். எங்களோடு வந்தபோது கோல்ஃப் பக்கம் திரும்பவே இல்லை, தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

---

சங்குப்பிட்டி

இன்னும் கிட்ட இருக்கிறது. திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை நடத்துகிற திடல். ரிசோர்ட் ஆடம்பரம் எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் காலையில் விளையாடிவிட்டு மத்தியானம் நிலாவெளிக் கடலில் பிள்ளைகளை இறக்கலாம். வாடைக்காற்று ஓய்ந்த பிறகு, சித்திரையில் இருந்து புரட்டாதி வரை கடல் குளம் மாதிரி. தடாகமே தேவையில்லை. கோணேஸ்வரமும் இருக்கிறது, அம்மாமாருக்கும் சரி.

---

குஞ்சம்மா

ஆண்கள் எல்லாம் தண்ணீர்க் கணக்கும் வரலாறும் கதைக்கிறீர்கள். எனக்கு ஒரு நேரான பதில் வேண்டும். பெண்கள் எப்படித் தடாகத்தில் இறங்கினீர்கள்? என்ன உடுப்பு? சனம் பார்க்காதா? எனக்கு 38 வயது, ஒருநாளும் நீந்தியதில்லை, அவர் டிசம்பரில் கூட்டிப்போகப் போகிறாராம்.

---

கொக்குவிலான்

குஞ்சம்மா அக்கா, இதை மனைவி எழுதுகிறார்:

வணக்கம் அக்கா. நானும் உங்களைப் போலத்தான் பயந்தேன். முழங்கால் தாண்டிய காற்சட்டையும் முழங்கைவரை கையும் வைத்த நீச்சல் உடுப்பு இருக்கிறது, முஸ்லிம் பெண்கள் போடுவதுபோல் தலைவரை மூடியதும் இருக்கிறது. இரண்டுக்கும் அங்கே தடை இல்லை. கொழும்பில் எடுத்துத் தரச் சொல்லி அண்ணியிடம் சொன்னேன், அவர் கனடாவில் இருந்தே கொண்டு வந்தார். முதல் நாள் மேலே ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு அரைமணித்தியாலம் கதிரையிலேயே இருந்தேன். பிறகு பார்த்தால் அங்கே ஒருத்தரும் ஒருத்தரையும் பார்க்கவில்லை, எல்லோரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கினேன். நெஞ்சளவு தண்ணீர்தான். அண்ணி என் முதுகுக்குக் கீழே கையை வைத்து, "வானத்தைப் பார், கழுத்தை விடு" என்றார். காதுக்குள் தண்ணீர் போனதும் வெளிச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் மிதந்தேன் என்று தெரியாது. அண்ணி கையை எப்போதோ எடுத்துவிட்டிருக்கிறார்.

தலைமயிருக்கு முதலே தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள், காவலர் திருப்பி அனுப்பிவிடுவார். வெளியே வந்து தலையைக் கழுவிப் பிறகு வையுங்கள். காலை ஒன்பதுக்கு முதலும் பின்னேரம் நாலுக்குப் பிறகும் நல்லது. நடுப்பகல் வெய்யிலில் என் மூக்குத் தோல் உரிந்துவிட்டது.

---

குஞ்சம்மா

நன்றி தங்கச்சி. இதுதான் நான் கேட்டது.

---

ரொறன்ரோ மட்டை

வணக்கம். நான்தான் அந்த அண்ணை. தம்பி எழுதியதைப் பார்த்து இதற்காகவே பதிவு செய்தேன். சில திருத்தங்கள்.

1. பஃபேயைப் பார்த்து நேர்த்தியை முறிக்கிற ஆள் நான் இல்லை. அவன்தான்.

2. கோல்ஃப் பற்றி அவன் எழுதிய ஒன்றரை வரி போதாது. யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவர்கள் எல்லோரும் கேட்பது, விளையாடத் தெரியாதவன் அங்கே போய் என்ன செய்வது என்பதுதான். பதில்: திடலுக்குப் போகாதீர்கள், பயிற்சி இடத்துக்குப் போங்கள். ஒரு வாளி பந்தும் ஒரு மட்டையும் வாடகைக்குத் தருவார்கள், சொல்லித்தர ஆளும் இருப்பார். 7 இலக்க இரும்பு மட்டையைக் கேளுங்கள், பழகுகிறவனுக்கு அதுதான் தோது. பந்து 46 கிராம்கூட இல்லை. பலமாக அடிக்கத் தேவையில்லை. விறகு கொத்துகிற மாதிரி அடித்தால் மண்தான் பெயரும். என் தம்பி முதல் பத்து அடியில் எட்டுத் தடவை காற்றை அடித்தான், ஒன்பதாவதில் மட்டை கையை விட்டுப் போனது. பத்தாவது மட்டும், ஏன் என்று தெரியாது, நேராக எழும்பி 120 யார் போய் விழுந்தது. அதற்குப் பிறகு அவனை அங்கிருந்து இழுத்து வர முடியவில்லை. இதை அவன் எழுதவில்லை பாருங்கள்.

சரி, விளையாடுகிறவர்களுக்கு. விடிய ஆறரைக்கு முதல் ஆட்டத்தைப் பதியுங்கள். பத்து மணிக்குப் பிறகு கடற்காற்று எழும்பும், பந்து எங்கே போகும் என்று முருகனுக்கும் தெரியாது. நான் 11 பந்து தொலைத்தேன். குழியின் வாய் 108 மில்லிமீற்றர், ஒரு சிரட்டை வாய் அளவு. காற்றில் அது சுண்டங்காய் மாதிரிச் சுருங்கிவிடும். கழுத்துப்பட்டி வைத்த ரீ-சேட் கட்டாயம், ஜீன்ஸ் கூடாது. கனடாவில் இருந்து பை நிறைய மட்டைகளைக் காவிக்கொண்டு வராதீர்கள். விதிப்படி 14 மட்டை வரை வைத்திருக்கலாம், அதை விமானத்திலும் வானிலும் ஏற்றி இறக்கி நான் பட்ட பாடு போதும். வாடகை மட்டைகள் நன்றாகத்தான் இருந்தன.

மட்டைப் பையைக் காவுகிற உதவியாளராக (கோல்ஃபில் 'கேடி' என்பார்கள்) வந்தவர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர், சிங்களவர், ஐம்பது வயது இருக்கும். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் மறந்துபோய் இருபது வருடம். ஆனால் ஒவ்வொரு பச்சையிலும் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) புல்லைக் கையால் தடவிப் பார்த்து, பந்து எந்தப் பக்கம் சரியும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டுவார். ஒரு தடவையும் பிழைக்கவில்லை. கடைசியில் ஊர் எது என்று கேட்டார். யாப்பனய (சிங்களத்தில் யாழ்ப்பாணம்) என்றேன். "அம்பலவி!" என்று இரண்டு கையாலும் மாம்பழ அளவு காட்டினார்.

3. டிரைவர் கதையை அவன் மறைத்துவிட்டான். கோல்ஃபில் தூர அடிக்கிற பெரிய மட்டைக்கு டிரைவர் என்று பெயர். முதல் நாள் விடிய இருட்டுக்குள் சாமான்களைப் பார்த்தேன், அதைக் காணவில்லை. "என்ர டிரைவர் எங்க? டிரைவரை எடுங்கோ!" என்று கத்தினேன். வான் ஓட்டுகிற தம்பி சாரத்தோடு நித்திரைக் கண்ணில் ஓடி வந்தான், திறப்பும் கையுமாக.

---

வடமராட்சி வடை

சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது. ஆனால் அந்தத் தம்பி எங்கே படுத்தான்? பெரிய ஹோட்டல்களில் டிரைவர்களை நடத்துகிற விதம் எனக்குத் தெரியும். நானும் வான் ஓடியவன். ஒரு இடத்தில் எனக்குத் தந்த அறையில் மின்விசிறி இல்லை, எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை. இரவெல்லாம் வானுக்குள் படுத்துவிட்டு விடிய ஐந்நூறு கிலோமீற்றர் ஓடச் சொன்னார்கள். கோல்ஃப், தடாகம் என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

---

கொக்குவிலான்

வடை அண்ணை சொல்வது நியாயம். பதிவு செய்யும்போதே டிரைவருக்கு அறை உண்டா, சாப்பாடு உண்டா என்று நான் கேட்டிருந்தேன், உண்டு என்றார்கள், இருந்தது. நான்கு பேர் படுக்கும் அறை, குளிரூட்டி வேலை செய்தது. தடாகத்துக்கு மட்டும் அவனை விடவில்லை. என் சின்னவன் அதற்காக அழுதான், இருவரும் வழியெல்லாம் சிநேகிதம். திரும்பி வரும்போது மாங்குளத்தைத் தாண்டியதும் ஒரு தோட்டக் கிணற்றடியில் நிறுத்தி, தோட்டக்காரரிடம் கேட்டு, பம்பைப் போட்டு எல்லோரும் குளித்தோம். தம்பி தொட்டிக்குள்ளேயே இறங்கிவிட்டான். அண்ணையின் பிள்ளைகள் "இதுதான் பெஸ்ட்" என்றார்கள். அண்ணைக்கு முகம் கறுத்தது, அறைக்குக் கட்டிய டொலர் ஞாபகம் வந்திருக்கும்.

வான்காரருக்கு இன்னொன்று. புத்தள – கதிர்காமம் பாதையைப் பொழுதுபட்ட பிறகு தொடவேண்டாம். யானைகள் றோட்டை மறித்து நின்று சாப்பாடு கேட்கும். நாங்கள் தணமல்வில வழியால் போனதே அதற்காகத்தான்.

---

கேணியடி

பார்த்தீர்களா, கடைசியில் கிணற்றடிதான் வென்றது.

---

நெடுந்தீவுக் குதிரை

எத்தனை இரவு போதும் என்று சொல்லுங்கள் அண்ணை. நான்கு இரவு தேவையா?

---

கொக்குவிலான்

இரண்டு இரவு போதும். நாங்கள் மூன்று இருந்தோம். மூன்றாம் நாள் பிள்ளைகளுக்கே தடாகம் அலுத்து, அறையில் கார்ட்டூன் பார்த்தார்கள். சாப்பாடும் அப்படித்தான், மூன்றாம் நாள் அம்மா இடியப்பம் சொதி கேட்டார், வந்தது இடியப்பம்தான், சொதி எங்கள் சொதி இல்லை. மூன்றாவது இரவின் காசை மிச்சம் பிடித்திருந்தால் புந்தல தேசியப் பூங்காவில் ஜீப் எடுத்துப் பறவை பார்த்திருக்கலாம். கோல்ஃப் விளையாடுகிறவர் இரண்டு காலை விளையாடினால் அவருக்கும் போதும் என்று நான் நினைக்கிறேன், அண்ணை ஒத்துக்கொள்ள மாட்டார்.

---

ரொறன்ரோ மட்டை

ஒத்துக்கொள்ளவில்லை.

---

துலாக்கொடி

அம்மா இப்போது எப்படி? ரிசோர்ட்டைப் பற்றி ஊரில் என்ன சொல்கிறார்?

---

கொக்குவிலான்

ரிசோர்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மயிலைப் பற்றித்தான். கடைசி நாள் விடியத் திடலின் நடுவே, அந்தப் பச்சைப் புல்லில், ஒரு மயில் தோகையை விரித்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் மயில்கள் சாதாரணம், கோழி மாதிரித் திரியும். அம்மா பல்கனியில் நின்று கும்பிட்டார். நேர்த்தியை முருகன் ஏற்றுக்கொண்டான் என்று அயலட்டை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார்.

பாதையோரம் கிடந்த ஒரு கோல்ஃப் பந்தையும் யாருக்கும் சொல்லாமல் பைக்குள் போட்டு வந்திருக்கிறார். குதிக்கால் நோவுக்குக் காலுக்குக் கீழே போட்டு உருட்டுகிறார், நல்ல சுகமாம். போன கிழமை அண்ணையோடு போனில் கதைக்கும்போது, தொலைத்த பதினொன்றில் மிச்சம் பத்தும் எங்கே என்று கேட்டார்.